மலாய் காமெடிப் படத்துல அந்த மூணாவது ஆளு, அவரு கேரியர் பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

ஆராம்நகர் ஆறு (செம்பூர்)

வணக்கம் மக்களே. நான் இங்க மும்பைல சின்னச் சின்ன வேஷம் பண்றவன். சீரியல், விளம்பரம், எப்பவாவது வெப் சீரிஸ். ஹீரோ ஆபீஸ்ல பக்கத்து டேபிள்ல நெத்தி நெறைய விபூதி பூசிட்டு "ஐயோ சார்"னு சொல்ற ஆளு வேணும்னா எனக்கு போன் வரும், மத்தபடி வராது.

விஷயம் என்னன்னா ஈப்போல இருந்து பெரியம்மா வந்திருந்தாங்க, நைட்டு சாப்ட்டு முடிச்சு யூட்யூப்ல ஒரு பழைய மலாய் படம் போட்டு விட்டாங்க, செனிமான் புஜாங் லாபோக், 1961, கறுப்பு வெள்ளை. மூணு பேச்சுலர் பசங்க சினிமால சேரணும்னு ஸ்டுடியோ வாசல்ல போய் நிப்பாங்க, சான்ஸ் கெடச்சு வசனம் மனப்பாடம் பண்ணலாம்னு வீட்டுக்கு வந்தா பக்கத்து ரூம்ல ஒருத்தன் ட்ரம்பெட் ஊதுவான், இன்னொருத்தன் மோட்டார் சைக்கிள உறும விடுவான். அப்படியே நம்ம மும்பை சால் (ஒண்டுக்குடித்தனம்) மாதிரி இருந்துச்சு. எனக்கு மலாய் ஒரு வார்த்தை தெரியாது, பெரியம்மா பாதி சிரிச்சிட்டே பாதி சொல்லிட்டே வந்தாங்க, ஆனா சொல்லாமலே புரிஞ்சது அந்த மூணாவது ஆளு தான். சூடின்னு கூப்புடுறாங்க, நிஜப் பேரு எஸ். சம்சுதீன்னு பெரியம்மா சொன்னாங்க.

ஹீரோ பி. ரம்லி பத்தி எல்லாரும் பேசுறாங்க, சரி, அவரு பாட்டு பாடுறாரு, டைரக்‌ஷன் பண்றாரு, எல்லாம் பண்றாரு. ஆனா அவரு பேசும்போது பக்கத்துல இந்த சூடின் என்ன பண்றாருன்னு பாருங்க. மத்த ரெண்டு பேரும் பேசி முடிக்கிற வரைக்கும் சும்மா கேப்பாரு, நிஜமா கேப்பாரு, அடுத்த டயலாக் எப்போ வரும்னு காத்திருக்கிற கேக்கல் இல்ல. அப்புறம் கொஞ்சம் லேட்டா ஒரு முழி. அந்த முழிக்கு தான் வீட்டுல எல்லாரும் சிரிச்சாங்க.

இப்ப கேள்வி. இந்த மாதிரி ரெண்டாவது மூணாவது ஆளா இருந்தவங்களுக்கு மலேசியால வாழ்க்கை எப்படி போச்சு? சம்பளமா, படத்துக்கு இவ்ளோன்னு பேசுவாங்களா? தனியா ஹீரோவா ஏதாவது கெடச்சுச்சா? விக்கிபீடியா லிங்க் போடாதீங்க, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பினாங்குப் பொண்ணு (பாண்டுப்)

ஆறு அண்ணே, நான் பொறந்தது பினாங்கு, கல்யாணம் ஆகி இங்க வந்துட்டேன். மொதல்ல ஒண்ணு, சூடின மலேசியாக்காரர்னு சொன்னா சிங்கப்பூர்க்காரங்க சண்டைக்கு வருவாங்க. அவரு சிங்கப்பூர் ஆளு, அங்க அவரு வேலை பாத்த ஸ்டுடியோ மூடினதுக்கு அப்புறமும் அங்கேயே தான் இருந்தாரு, 2013ல அங்கேயே காலமானாரு. ஆனா எங்க வீட்டுல எல்லாம் அப்படி பிரிச்சுப் பாக்க மாட்டோம், ஏன்னா அந்தப் படங்க வந்தப்போ சிங்கப்பூர் மலாயா ரெண்டு பக்கமும் ஒரே ஆடியன்ஸ். ஹரி ராயா (நம்ம ரம்ஜான்) வந்தா டிவில இன்னிக்கும் போடுவாங்க, பக்கத்து வீட்டு மலாய் ஆன்ட்டி கூட சேர்ந்து நாங்களும் பாப்போம், வசனம் அவங்க சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லுவேன்.

அந்த மூணு பேரு கூட்டணி ஆரம்பிச்சது 1957ல, புஜாங் லாபோக். அப்புறம் 1959ல பெண்டேக்கார் புஜாங் லாபோக், 1961ல அலி பாபாவும் நீங்க பாத்த செனிமானும். நாலுமே ரம்லி டைரக்‌ஷன். நீங்க கவனிச்சீங்களா, படத்துல அவங்க பேரு ரம்லி, அஜிஸ், சூடின். சொந்தப் பேரு தான். அங்க தான் ரம்லியோட மூளை, ஜனங்க தியேட்டர விட்டு வெளிய வரும்போது கேரக்டர் பேரு இல்ல, நடிகர் பேரே வாய்ல நிக்கும்.

அஜிஸ்னு வர்றவரு அஜீஸ் சத்தார். அவரு தான் வாயாடி, சூடின் அப்பாவி. அஜீஸ் பிற்பாடு கோலாலம்பூர் பக்கம் வந்துட்டாரு, டைரக்டரும் ஆயிட்டாரு, 1979ல பிரெபெட் லாபோக்னு பட்டாளத்துக் காமெடி ஒண்ணு அவரு எடுத்தது தான். டத்தோ பட்டம் கெடச்சுது, வயசானப்புறமும் டிவில வந்துட்டே இருந்தாரு, 2014 மே மாசம் போயிட்டாரு. ஒரே டீம்ல இருந்த ரெண்டு பேரு, ஒருத்தர் கோலாலம்பூர் போனாரு, ஒருத்தர் சிங்கப்பூர்ல நின்னுட்டாரு. மலாய் சினிமா கோலாலம்பூர் பக்கம் போயிடுச்சு. அவ்ளோ தான் வித்தியாசம்னு எங்க அப்பா சொல்லுவாரு.

தனியா ஹீரோவான்னு கேட்டீங்க. அலி பாபா புஜாங் லாபோக் கண்டிப்பா பாருங்க. அதுல ரம்லி கொள்ளைக்கூட்டத் தலைவன் வேஷத்த எடுத்துக்கிட்டு அலி பாபாவ அஜீஸ் சத்தாருக்கு குடுத்துட்டாரு, காசிம் பாபா யாருன்னா நம்ம சூடின். பேராசை பிடிச்ச பணக்காரன். அப்பாவியாவே பாத்தவர இதுல பாத்தா ஆச்சரியமா இருக்கும்.

மாட்டுங்கா மாமா

ஆஹா, ரொம்ப நாளைக்கு அப்புறம் இங்க ஒரு உருப்படியான கேள்வி. வாடகை வீடு, பாஸ்போர்ட் ஆபீஸ்னு படிச்சு படிச்சு கண்ணு பூத்துப் போச்சு.

தம்பி ஆறு, சம்பளம் பத்தி கேட்டியே, அது தான் முக்கியம். ஷா பிரதர்ஸோட மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ், சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ்ல. அங்க எல்லாரும் மாசச் சம்பளம். நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ்ல டி.ஆர். சுந்தரம் நடத்தினாரே, நடிகன்ல இருந்து லைட் பாய் வரைக்கும் மாசம் பொறந்தா சம்பளம், காலைல வந்து ஆஜர் ஆகணும், அதே ஏற்பாடு தான். இன்னிக்கு ஒரு படத்துல மந்திரியா நிப்ப, நாளைக்கு இன்னொரு படத்துல கூட்டத்துல நிப்ப, கேக்க முடியாது. அதுல ஒரு நல்லது, வீட்டுல அடுப்பு எரியும். ஒரு கெட்டது, படம் எவ்ளோ ஓடினாலும் உனக்கு அதே சம்பளம். நூறு தியேட்டர்ல நீ சிரிக்க வச்சாலும் கம்பெனி தான் சிரிக்கும்.

அதனால தான் 1957ல பெரிய ஸ்ட்ரைக் நடந்துச்சு. நடிகர் சங்கம் இருந்தது, பெர்சாமான்னு சொல்லுவாங்க, தலைவர் யாரு தெரியுமா, ரம்லியே தான். சம்பளம், வேலை நெலமைன்னு கேட்டாங்க, கம்பெனி சில பேர வேலைய விட்டு எடுத்துச்சு, உடனே வேலைநிறுத்தம். அதே வருஷம் தான் புஜாங் லாபோக்கும் வந்தது பாத்துக்கோ. வாடகை குடுக்க முடியாத மூணு பிரம்மச்சாரிக கதைய எடுத்தவனுக்கு அது வெறும் கதையா இருந்திருக்காது.

இன்னொண்ணு, நம்ம மும்பைக்காரங்களுக்கு. அந்த ஸ்டுடியோல ஆரம்பத்துல டைரக்டர் எல்லாம் இந்தியால இருந்து போனவங்க. பி.எஸ். ராஜ்ஹன்ஸ், பி.என். ராவ், எஸ். ராமநாதன். 1956ல ஹாங் துவா எடுத்த பணி மஜும்தார் இங்க பம்பாய்ல படம் பண்ணிட்டு இருந்தவரு தான். 1950ல பக்தின்னு ஒரு படம், ரம்லிக்கு முதல் ஹீரோ வேஷம் குடுத்தது எல். கிருஷ்ணன், மெட்ராஸ்ல பொறந்து பினாங்குல வளந்த நம்மாளு. அப்புறம் ரம்லி 1955ல பெனாரிக் பெச்சா எடுத்தாரு, ரிக்‌ஷாக்காரன் கதை, அதுக்கப்புறம் மலாய்க்காரங்களே டைரக்டர் ஆனாங்க. நீ சொன்ன அந்த முழி எல்லாம் அதுக்கப்புறம் தான் வந்திருக்க முடியும்னு நான் நெனைக்கிறேன், ஏன்னா எங்கயோ எழுதின வசனத்த மலாய்ல மாத்தி ஒப்பிக்கிறப்போ துணை நடிகனுக்கு விளையாட எடமே இருக்காது. தன் பாஷையில யோசிக்கிற டைரக்டர் வந்தா தான் பக்கத்துல நிக்கிறவனுக்கும் காத்து வரும்.

தாராவி தம்பிதுரை

மாமா எல்லாம் சரி, ஆனா ஸ்ட்ரைக் தலைவர் ஸ்டுடியோவுக்கு ஸ்டார், டைரக்டர், பாட்டுக்காரர், எல்லாமும் அவரே. பக்கத்துல இருந்த ரெண்டு பேருக்கு என்ன மிஞ்சும்? போஸ்டர்ல மூணு தலை இருக்கும், மரியாத ஒரு தலைக்கு. கோலாலம்பூர்ல ரோட்டுக்கு ரம்லி பேரு, பினாங்குல ரோட்டுக்கு ரம்லி பேரு, வீட்ட மியூசியம் ஆக்கியாச்சு. சூடின் பேர்ல சந்து இருக்கா? இங்கயும் அதே தான், ஹீரோ பக்கத்துல நின்னு அடி வாங்குறவன யாரும் ஞாபகம் வச்சுக்கிறது இல்ல.

மாட்டுங்கா மாமா

தம்பிதுரை, கோவப்படாம கேளு. ரம்லிக்கு மரியாத எல்லாம் செத்தப்புறம் வந்தது. 1964ல சிங்கப்பூர விட்டு கோலாலம்பூர் மெர்டேகா ஸ்டுடியோவுக்குப் போனாரு, அங்க வசதியும் இல்ல, பழைய டீமும் இல்ல. கலர் படம் வந்துட்டு இருந்த காலத்துல கறுப்பு வெள்ளையிலயே எடுத்துட்டு இருந்தாரு, ஜனங்க கேலி பண்ணாங்க. 1973 மே 29ல மாரடைப்புல போனப்போ வயசு 44 தான், கையில காசும் இல்ல. டான் ஸ்ரீ பட்டம் 1990ல குடுத்தாங்க, ஆளு போய் 17 வருஷம் கழிச்சு.

சூடினுக்கு 2013 வரைக்கும் ஆயுசு, அஜீஸ் 88 வயசு வரைக்கும் இருந்து டத்தோ பட்டத்த உயிரோட கையில வாங்கினாரு. யாரு ஜெயிச்சான்னு நீயே சொல்லு.

படம் கொறஞ்சதுக்கு ரம்லி காரணம் இல்ல. 1963ல இந்தோனேசியாவுக்கும் மலேசியாவுக்கும் தகராறு ஆரம்பிச்சுது, அந்தப் பெரிய மார்க்கெட் மூடிடுச்சு. அதே வருஷம் சிங்கப்பூர்ல டிவி வந்துடுச்சு. ரெண்டும் சேர்ந்து ஸ்டுடியோவ 1967ல மூட வச்சுது. மாசச் சம்பளக்காரனுக்கு ஸ்டுடியோ மூடினா என்ன ஆகும், பரேல் மில்லு மூடினப்போ என்ன ஆச்சுன்னு உங்க தாராவிப் பெருசுகளக் கேளு.

வெர்ஸோவா வினோ

மலேசியா காமெடி துணை நடிகர்னா எனக்கு ரானி சியெங் தான். ஜொகூர் பாருல பொறந்தவரு, மெல்பர்ன்ல சட்டம் படிச்சுட்டு ஸ்டாண்ட் அப் பண்ண போயிட்டாரு (எங்க அம்மா கேட்டா நெஞ்சு வலி வந்துடும்). 2015ல அமெரிக்க டிவில டெய்லி ஷோ, 2018ல கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்ல அந்த அலட்டல் கசின் எடி, அப்புறம் ஷாங்-சி, மேகன். எல்லாத்துலயும் சின்ன ரோல், எல்லாத்துலயும் கவனிப்பீங்க. ஆறு ப்ரோ, இவரப் பாருங்க, கறுப்பு வெள்ளைல என்ன கெடைக்கப் போகுது.

பினாங்குப் பொண்ணு (பாண்டுப்)

வினோ தம்பி, ரானி சியெங் சூப்பர் தான் லா, யாரு இல்லன்னா. ஆனா அவருக்கு மேடை இருக்கு, நெட்ஃபிளிக்ஸ் ஸ்பெஷல் இருக்கு, சினிமா சின்ன ரோல் குடுத்தாலும் பொழப்பு ஓடும். ஆறு அண்ணன் கேக்குறது சினிமாவ மட்டுமே நம்பி பக்கத்துல நின்னவங்களப் பத்தி.

சரி, அந்தக் கூட்டத்துல நான் இன்னும் ரெண்டு பேர சொல்லியே ஆகணும்.

ஒண்ணு அகமது நிஸ்ஃபு. செனிமான்ல டைரக்டரா வந்து இந்த மூணு பேர்கிட்டயும் மாட்டிக்கிட்டு தலைய பிச்சுப்பாரே, அவரே தான். அதுலயும் அவரு பேரு அகமது நிஸ்ஃபு தான். 1964ல தீகா அப்துல்னு துருக்கி மாதிரி ஒரு ஊர்ல நடக்குற கதை, மூணு அண்ணன் தம்பிங்க, சாதிக் செகராகான்னு ஒரு தந்திரக்கார ஆளோட பொண்ணுங்கள கல்யாணம் பண்ணுவாங்க, கண்டிஷன் என்னன்னா யாரு மொதல்ல கோவப்படுறாங்களோ அவங்க சொத்து போச்சு, அடிமையா வித்துடுவாங்க. அந்த சாதிக் தான் நிஸ்ஃபு. மூத்த மாப்பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் சோறு கூட ஒழுங்கா போடாம எரிச்சல கெளப்பிட்டு, அவங்க கத்துறப்போ இவரு கேப்பாரு பாருங்க, "கோவமா?"ன்னு, தேன் ஒழுகும் அந்தக் குரல்ல. கடைசி மாப்பிள்ளை ரம்லி அதே கேள்விய இவருகிட்ட திருப்பிக் கேக்குறப்போ அந்த மூஞ்சி செவக்குறது, கறுப்பு வெள்ளையில செவப்பு தெரியும் வினோ, நீ பாரு.

ரெண்டு, எம். ஜைன். 1962ல வந்த லாபு டான் லாபி. கஞ்சன் ஹாஜி பக்கில் வீட்டுல ஒரு சமையல்காரன், ஒரு டிரைவர். நைட்டு படுத்துக்கிட்டு ரெண்டு பேரும் கனவு காண்பாங்க, நான் டாக்டரு, நான் மாஜிஸ்ட்ரேட்டு, அப்புறம் டார்ஜான், அப்புறம் கௌபாய். முதலாளி பொண்ண யாரு கட்டுறதுன்னு கனவுலயே சண்டை. கத்துற கத்துல ஹாஜி எழுந்து வந்து திட்டுவாரு, மறுபடி படுப்பாங்க, மறுபடி கனவு. இது ரெண்டு பேரு படம், ரம்லிக்கு எவ்ளோ வேலையோ அவ்ளோ வேலை ஜைனுக்கும். ஆனா பாருங்க, மலேசியால ரோட்டுல நிக்கிற யாரையாவது கேட்டா லாபின்னா தெரியும், அந்த லாபியா நடிச்ச எம். ஜைன்னா கொஞ்சம் யோசிப்பாங்க.

கோலிவாடா கோமதி

பேரு விஷயம் வந்ததால சொல்றேன். எங்க மாமனார் சிங்கப்பூர்ல வேலை பாத்தவரு, அவரு வாஹித் சாத்தேன்னு ஒருத்தரப் பத்தி சொல்லுவாரு. 1957ல பொந்தியானாக்னு பேய்ப்படம், அதுல சாத்தே (குச்சில குத்தி சுட்ட கறி) விக்கிறவனா பாட்டு பாடிட்டு வருவாராம், பேய்ப்படத்துல சிரிப்பு. அந்த ஒரு வேஷத்துக்கு அப்புறம் பேரோட சாத்தே ஒட்டிக்கிச்சு, அப்புறம் போகவே இல்ல. நம்மூர்ல டணால் தங்கவேலு, என்னத்த கன்னையா, வெண்ணிற ஆடை மூர்த்தி எல்லாம் அப்படித் தானே. எனக்கு இது நல்லதா கெட்டதான்னு சொல்லத் தெரியல, ஆனா ஒரு சின்ன வேஷம் பேராவே மாறிடுறது எல்லாருக்கும் நடக்காது.

ஆராம்நகர் ஆறு (செம்பூர்)

எல்லாருக்கும் நன்றி, நெஜமாவே எதிர்பாக்கல இவ்ளோ வரும்னு. கோமதி அக்கா, எனக்கு இங்க அப்படி ஒரு பேரு இருக்கு, ஒரு சீரியல்ல கேன்டீன் ஓனரா வந்தேன், இப்ப எந்த செட்டுக்குப் போனாலும் "அரே இட்லி"ன்னு கூப்புடுறாங்க. டணால்ல ஒரு கம்பீரம் இருக்கு, இட்லில என்ன இருக்கு.

மாசச் சம்பளம் பத்தி மாமா கெட்டதுன்னு சொன்னது எனக்கு வேற மாதிரி படுது. இங்க சீரியல்ல நடிச்சா செக் 90 நாள் கழிச்சு தான், அதுவும் ஒழுங்கான கம்பெனியா இருந்தா. போன வருஷம் ஒரு வெப் சீரிஸ்ல பண்ணேன், பேரு வேண்டாம், 90 நாள் முடிஞ்சு கேட்டா புரொடக்‌ஷன் மேனேஜர் நம்பர மாத்திட்டாரு. அந்தக் காசுல தான் பையன் ஸ்கூல் ஃபீஸ் கட்டுறதா இருந்தேன். அந்த நேரத்துல ஜாலான் அம்பாஸ்ல மாசம் மாசம் குடுத்தாங்கன்னு யாராவது சொல்லி இருந்தா அன்னிக்கே கப்பல் ஏறி இருப்பேன்.

இன்னொரு கேள்வி. சூடின் மாதிரி ஒரு கேக்குற நடிப்பு, அது ஒரே டைரக்டர், ஒரே டீமோட திரும்பத் திரும்ப வேலை செஞ்சா தான் வருமா? எங்களுக்கு காலைல போய் மூஞ்சி தெரியாத ஹீரோவோட சாயங்காலம் வரைக்கும் வேலை, மறுநாள் வேற செட்டு. அவரு அடுத்து என்ன பண்ணுவாருன்னு தெரியாதப்போ எதைக் கேட்டு எப்படி முழிக்கிறது?

மாட்டுங்கா மாமா

சரியான எடத்துல கை வச்ச. டீம் தான். நம்ம பம்பாய்லயே பாரு, ஜானி வாக்கர் பெஸ்ட்ல, அதான் நம்ம பம்பாய் டவுன் பஸ்ல, கண்டக்டரா இருந்தவரு, குரு தத் பிடிச்சுக்கிட்டாரு, 1951ல பாஜி, அதுல இருந்து குரு தத் படத்துல அவருக்குன்னு ஒரு எடம், ஒரு பாட்டு. வெளிப்படத்துலயும் நடிச்சாரு, நல்லாத் தான் இருக்கும், ஆனா குரு தத் கேமரா அவருக்காகக் காத்திருக்கும், மத்தவங்க கேமரா அவர வேகமா முடிச்சுட்டு ஹீரோயின்கிட்ட ஓடும்.

ரம்லியும் அப்படித் தான். 1959ல நுஜும் பாக் பெலாலாங், பொய் ஜோசியன் கதை, ராஜா அரண்மனையில திருட்டு போகுது, கண்டுபிடிக்கலன்னா தலை போயிடும்னு பொலம்புறப்போ தற்செயலா அவன் வாய்ல திருடங்க பேரே வந்துடும். இது நம்ம கதாசரித்சாகரத்துல ஹரிசர்மன்னு இருக்கு, பாட்டி சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும். அதுல அந்த ரெண்டு திருடங்க அஜீஸும் சூடினும் தான். குகையில கொள்ளைய பங்கு போடுற சீன் இருக்கு, உனக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணுன்னு எண்ணுவாங்க, சப்டைட்டிலே தேவை இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி ஆரம்பிச்ச கூட்டணி, அதுக்குள்ள ஒருத்தர் மூச்சு விடுறது இன்னொருத்தருக்குத் தெரியுது.

தாராவி தம்பிதுரை

அப்போ டீம் ஒடஞ்சா என்ன ஆகும் மாமா? கோலாலம்பூர்ல ரம்லி வேற மூணு பேரு படம் எடுத்தாருல்ல?

பினாங்குப் பொண்ணு (பாண்டுப்)

எடுத்தாரு, 1966ல டோ ரே மி. ஏ.ஆர். தொம்பெல், இப்ராகிம் டின், ரம்லி. அடுத்து நாசிப் டோ ரே மி, கடைசியா 1972ல லக்சமானா டோ ரே மி, அது தான் ரம்லி டைரக்ட் பண்ணின கடைசிப் படம். எங்க அப்பாவுக்கு அது ஆகாது, புஜாங் லாபோக்க காப்பி அடிச்சாருன்னு சொல்லுவாரு, அவரோட படத்த அவரே. எனக்கு தொம்பெல் பிடிக்கும். சூடின் வாய மூடிட்டு சிரிக்க வைப்பாரு, தொம்பெல் நேர்மாறு, வாயத் திறந்தா நிறுத்த மாட்டாரு, ரம்லி கொஞ்சம் பின்னாடி போய் அவருக்கு வழி விடுற மாதிரியே இருக்கும் சில எடத்துல. ஆனா லக்சமானால செட்டப் பாத்தா பாவமா இருக்கும், காசு இல்லன்னு சுவரே சொல்லும்.

ஆறு அண்ணே, உங்க கேள்விக்கு என் பதில், மொதல்ல தொம்பெலப் பாருங்க. அவருக்கு பழகின டீம் இல்ல, புது எடம், பட்ஜெட் கம்மி, நீங்க இருக்கிற நெலமைக்கு அவரு தான் கிட்ட. சூடின அப்புறம் பாக்கலாம்.

வெர்ஸோவா வினோ

ஓகே ஓகே, தீகா அப்துல் இப்ப தான் போட்டேன், அந்த மாமனார் "கோவமா"ன்னு கேக்குற எடம் வந்துடுச்சு. என் ரூம்மேட் பீகார்க்காரன், அவனுக்கும் புரியாது எனக்கும் புரியாது, ரெண்டு பேரும் சிரிச்சிட்டு இருக்கோம். ஆறு ப்ரோ, நாளைக்கு ஆராம் நகர்ல ஒரு பிஸ்கட் விளம்பரத்துக்கு மாமனார் கேரக்டர் பாக்குறாங்க, 45 வயசுக்கு மேல, ஆக்சென்ட் வேண்டாம்னு தெளிவா போட்டிருக்காங்க. அட்ரஸ் இன்பாக்ஸ்ல அனுப்பிட்டேன், காலைல பத்து மணிக்குள்ள போயிடுங்க, லேட் ஆனா கியூ கேட்டு வரைக்கும் வந்துடும்.

ஆராம்நகர் ஆறு (செம்பூர்)

வந்துச்சு வினோ, தேங்க்ஸ். எனக்கு 41 தான், பரவால்ல, மீசைக்கு கொஞ்சம் பவுடர் போட்டுக்கிறேன். கோமதி அக்கா, உங்க மாமனார்கிட்ட அந்த சாத்தே பாட்டு எப்படி போகும்னு கொஞ்சம் கேட்டு சொல்லுங்க, யூட்யூப்ல தேடினா சாத்தே செய்முறை தான் வருது.